காஸ்டாராவுக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை விஷயமாக மூன்று வருடம் ட்ரினிடாட் அண்ட் டொபேகோவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருந்தேன். நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் கிளம்பிப் போவது டொபேகோ தீவில் இருக்கும் காஸ்டாரா என்ற மீனவ கிராமத்துக்குத்தான். ஊர் திரும்பிய பிறகு, என் போனில் இருக்கிற படங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன்.

காஸ்டாராவா? கேள்விப்பட்டதே இல்லையே. கரீபியன்னா ஜமைக்காதானே?

ஜமைக்கா கரீபியன் கடலின் வடக்கே இருக்கிறது. இது தெற்குக் கோடி. ட்ரினிடாட் அண்ட் டொபேகோ என்று கிரிக்கெட்டில் கேட்டிருப்பீர்கள், பிரையன் லாராவின் நாடு. இரண்டு தீவுகள் சேர்ந்த ஒரே நாடு அது. ட்ரினிடாட் பெரியது: எண்ணெய், எரிவாயு, தொழிற்சாலை, டிராஃபிக் எல்லாம் அங்கே. டொபேகோ சின்னது, சுமார் 300 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை அறுபதாயிரத்தை ஒட்டி. அந்தச் சின்னத் தீவின் வடமேற்குக் கரையில், மலை நேராகக் கடலில் இறங்குகிற இடத்தில் ஒரு வளைவு, அதுதான் காஸ்டாரா.

ஒரு மெயின் ரோடு, ஒரு பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், சில கடைகள், மீன் இறக்குகிற இடம். பெரிய குடா ஒன்று, பாறையைச் சுற்றிக்கொண்டு போனால் சின்னக் குடா ஒன்று. சின்னதற்கு ‘ஹெவன்லி பே’ என்று பெயர். ஊரைச் சுற்றிப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

எந்த ரிசார்ட்ல தங்கினே? ஆல்-இன்க்ளூசிவ் பேக்கேஜ் இருக்கா?

பெரிய ஓட்டல் எதுவும் இங்கே கிடையாது. மலைச் சரிவில் மர வராந்தா வைத்த சின்ன வீடுகளும் அறைகளும் இருக்கும், பெரும்பாலும் ஒரு சமையல்கட்டோடு. நீங்கள் தங்குகிற வீட்டின் சொந்தக்காரர் அல்லது அவருடைய அக்காவோ மச்சானோ பக்கத்திலேயே குடியிருப்பார். கையில் வளையம் மாட்டிவிட்டு மூன்று வேளையும் பஃபே போடுகிற இடம்தான் வேண்டும் என்றால் தீவின் தென்மேற்கு மூலை, கிரவுன் பாயின்ட் பக்கம் பாருங்கள். அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் பறக்க வேண்டுமா என்பது என் சந்தேகம்.

அங்கே போய் என்னதான் பண்றது? போரடிக்காதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. முதல் இரண்டு நாள் போரடிக்கும், உண்மை. கை தானாகப் போனைத் தேடும். மூன்றாம் நாள் காலையில் வராந்தாவில் காபியோடு உட்கார்ந்து, இன்றைக்கு எந்தப் படகு முதலில் கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே படகை ‘பிரோக்’ என்பார்கள். இரண்டு பக்கமும் நீளமான மூங்கில் கழிகளை மீசை மாதிரி நீட்டிக்கொண்டு போகும், அதில்தான் தூண்டில் நூல்களைக் கட்டி இழுத்துப் போவார்கள்.

பெரிய குடாவில் கரைவலை இழுப்பார்கள். நம் கடற்கரைகளில் பார்த்த அதே கரைவலைதான்: படகு வலையைக் கடலில் அரைவட்டமாகப் போட்டுவிட்டு வரும், இரண்டு முனைக் கயிறையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். சும்மா நிற்கிறவரைப் பார்த்தால் “வா, பிடி” என்று கூப்பிடுவார்கள். நானும் பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், பத்து நிமிடத்தில் கை சிவந்துவிடும், காலடி மணல் சரியும், முன்னால் இருப்பவர் பின்னோக்கி நடந்து நடந்து வந்து உங்கள் மேலேயே மோதுவார். மீன் சேருகிற வலையின் மடி கரைக்கு நெருங்கும்போது கூழைக்கடாக்கள் முதலில் வந்துவிடும், அவைதான் இந்த வேலையில் சீனியர். அன்றைக்குப் பெரும்பாலும் பாரை, கொஞ்சம் சூரை. இழுத்தவர்களுக்குப் பங்கு உண்டு. எனக்கு இரண்டு மீன் கிடைத்தது. அந்த மாதச் சம்பளத்தைவிடப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் என் மேலாளர் கோபித்துக்கொள்வார்.

அப்புறம் ரொட்டி. கரையில் குவிமாடம் மாதிரி ஒரு மண் அடுப்பு இருக்கிறது. வாரத்தில் சில நாள் ஊர்ப் பெண்கள் அதற்குள் விறகை எரித்து, சூடேறியதும் தணலை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, உள்ளே ரொட்டியை வைத்து வாயை மூடிவிடுவார்கள். சுவரில் ஏறிய சூட்டிலேயே வேகும். தேங்காய் ரொட்டி, மரவள்ளிக் கிழங்கில் செய்கிற ‘போன்’ எல்லாம் வரும். எடுத்த உடனே வாங்கிக் கையில் பிய்த்துச் சாப்பிட வேண்டும். அறைக்கு எடுத்துப் போனால் பாதி ருசி வழியிலேயே போய்விடும்.

வியாழக்கிழமை மாலையில் கடற்கரையில் நெருப்பு மூட்டி ஸ்டீல்பான் வாசிப்பார்கள். எண்ணெய் பீப்பாயின் அடிப்பாகத்தைத் தட்டித் தட்டிக் குழியாக்கி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுரம் வருகிற மாதிரி செய்த வாத்தியம் அது. ட்ரினிடாடில்தான் பிறந்தது. மற்ற நாட்களில் நீச்சல், ஊருக்குப் பின்னால் நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன அருவி, தூக்கம். அவ்வளவுதான்.

எத்தனை நாள் போதும்? நாங்க நாலு நாள்ல ரெண்டு மூணு தீவு பார்க்கலாம்னு இருக்கோம்.

வேண்டாம். இந்தியாவிலிருந்து போய்ச் சேரவே ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும், நேர வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம். உடம்பு ஊருக்குப் பழகுவதற்குள் கிளம்ப வேண்டி வரும். மேலே சொன்ன அந்த இரண்டு போர் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு: குறைந்தது ஒன்பது இரவு, எல்லாம் ஒரே ஊரில். தீவு விட்டுத் தீவு தாவினால் அதிகம் பார்ப்பது விமான நிலையங்களைத்தான். கரீபியன் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பும் என்று நம்பித் திட்டம் போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை.

எப்போ போனா நல்லது? அங்கே புயல் அடிக்குமே?

ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக் காலம். மழை என்றால் நாள் முழுக்க இல்லை, நன்றாக ஊற்றிவிட்டு வெயில் வந்துவிடும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடுவே கொஞ்ச நாள் மழை ஓய்வதும் உண்டு.

டொபேகோ இருப்பது 11 பாகை வடக்கு. நம் ஈரோடும் ஏறக்குறைய அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. பெரும்பாலான சூறாவளிகள் இதற்கு வடக்கே ஒதுங்கிப் போய்விடும். ஆனால் வராது என்று சத்தியம் செய்ய முடியாது: 1963 செப்டம்பர் 30 அன்று ஃப்ளோரா சூறாவளி நேராகத் தாக்கி, தோட்டங்களையும் மலைக்காட்டையும் வழித்துப் போட்டுவிட்டது. தென்னையும் கோகோவும் நம்பியிருந்த தீவு சுற்றுலாப் பக்கம் திரும்பியதற்கு அந்த ஒரு நாள் பெரிய காரணம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை போகிறவர்கள் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள்.

கடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் அலை இந்தக் கரையில் சில நாள் முரட்டுத்தனமாக அடிக்கும். மழைக் காலத்தில் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுத் தண்ணீர் இதுவரை வந்து சேர்ந்து, நீல நிறம் பச்சையாக மாறும். அழுக்கு என்று பயப்பட வேண்டாம். பவளப்பாறை பார்க்கத்தான் போகிறேன் என்றால் ஏப்ரல், மே நல்லது.

எப்படிப் போறது? விசா வேணுமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, சுற்றுலாவாக 90 நாள் வரை ட்ரினிடாட் அண்ட் டொபேகோவுக்கு விசா தேவையில்லை. திரும்பி வர டிக்கெட், தங்கும் முகவரி இரண்டையும் காட்டச் சொல்வார்கள். டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தின் அன்றைய விதியை ஒரு தரம் பார்த்துவிடுங்கள், இந்த மாதிரி விதிகள் சொல்லாமல் மாறும்.

சிக்கல் வழியில்தான். நேர் விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால், வெறுமனே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால் அங்கே ட்ரான்சிட் விசா விதி தனி. “கரீபியனுக்கு விசா வேண்டாமாம்” என்று குதித்துக்கொண்டு மலிவான டிக்கெட் போட்டு, சென்னை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இறங்கியபின் டொபேகோவுக்கு உள்ளூர் விமானம் இருபது இருபத்தைந்து நிமிடம். டொபேகோவின் முக்கிய ஊரான ஸ்கார்பரோவுக்குப் போகும் கப்பலில் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் கப்பலில் ஏறுவதென்றால் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், முழு வயிற்றோடும் ஏறாதீர்கள்.

மஞ்சக் காய்ச்சல் ஊசி போடணும்னு யாரோ சொன்னாங்க, நிஜமா?

நிஜம். பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். அங்கே நுழைவதற்கு என்பதைவிட, திரும்பி இந்தியாவுக்குள் வருவதற்குத்தான் அது முக்கியம். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் ட்ரினிடாட் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க இங்குள்ள அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. லீவு முடிந்து வருகிற நேரத்தில் இது தேவையா?

பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே போட்டுவிட வேண்டும், அப்போதுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு தரம் போட்டால் ஆயுளுக்கும் போதும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். அங்கே ‘கலலூ’ என்று பச்சையாக ஒரு மசியல் தருவார்கள்: சேம்பு இலை, வெண்டைக்காய், தேங்காய்ப்பால் சேர்த்து வேகவைத்துக் கடைந்தது. பார்த்தால் கீரை மசியலேதான். அதற்குள் நண்டோ உப்புப் போட்ட பன்றி வாலோ போடுவது அங்கே வழக்கம், அதனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிழங்குகளை ‘ப்ரொவிஷன்’ என்பார்கள். சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கூடவே கறிப்பலா, வாழைக்காய். ‘கிரீன் ஃபிக்’ என்று எழுதியிருந்தால் அத்திக்காய் என்று நினைக்காதீர்கள், அது வாழைக்காய்.

ராஸ்தாக்காரர்கள், அதாவது ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி மதத்துக்காரர்கள், ‘ஐட்டல்’ என்று ஒரு சமையல் செய்கிறார்கள். இறைச்சி கிடையாது, கண்டிப்பானவர்கள் உப்பும் போட மாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அவர்கள் கடையே கதி. பருப்பை அரைத்து உள்ளே வைத்த ‘தால்பூரி’ ரொட்டியும் கிடைக்கும். இதெல்லாம் சரிப்படாது என்றால், முன்னால் சொன்ன மாதிரி அறைகளில் அடுப்பு இருக்கிறது. அரிசி, பருப்பு, பாகற்காய், கத்தரிக்காய் எல்லாம் தீவில் கிடைக்கும். புளியும் கறிவேப்பிலைப் பொடியும் பெருங்காயமும் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. வஞ்சிரம் வகை, சூரை, கோலா மீன், எல்லாம் காலையில் வந்தது மதியம் தட்டில். மிளகாய் சாஸ் மட்டும் ஜாக்கிரதை, ஆந்திரா பார்த்தவன் என்று வீறாப்பாக ஊற்றிக்கொண்டு அழுதவன் நான்.

காசு எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்? கார்டு ஓடுமா?

ஊரில் வங்கி கிடையாது. சின்னச் சாப்பாட்டுக் கடை, ரொட்டி, டாக்ஸி எல்லாம் ரொக்கம்தான். விமான நிலையத்திலேயே டிடி டாலர், அதாவது ட்ரினிடாட் அண்ட் டொபேகோ டாலர், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு ஆறே முக்கால் டிடி டாலரை ஒட்டி வரும். விலை சொல்லும்போது வெறும் “டாலர்” என்பார்கள், எந்த டாலர் என்று கேட்டுவிடுவது நல்லது.

கார் எடுக்கணுமா, இல்ல பஸ் இருக்கா?

விமான நிலையத்திலிருந்து காஸ்டாரா சுமார் ஒரு மணி நேரம். இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நமக்கு அது சுலபம். சாலை மட்டும் கொல்லிமலை ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்து போகும். சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துப் போங்கள். என் யோசனை: முதல் நாளும் கடைசி நாளும் டாக்ஸி, நடுவில் இரண்டே நாள் வாடகைக் கார். அரசு பஸ் உண்டு, ஆனால் டிக்கெட்டைக் கடையில் முன்கூட்டி வாங்கியிருக்க வேண்டும், ஏறி நின்று காசை நீட்டினால் வாங்க மாட்டார்கள். பஸ்ஸை நம்பி விமானத்தைப் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கார் எடுத்த நாளில் இங்கிலிஷ்மேன்ஸ் பே போங்கள், பக்கம்தான். இன்னொரு நாள் மெயின் ரிட்ஜ் காடு. 1776லேயே, மழை வேண்டுமென்றால் மரம் வேண்டும் என்று சொல்லி சட்டம் போட்டுப் பாதுகாத்த காடு அது. ஆங்கிலேயர்களுக்கு அப்போது கரும்புத் தோட்டத்துக்கு மழை தேவைப்பட்டது, அதுதான் அக்கறை. எப்படியோ காடு பிழைத்தது.

நீச்சல் தெரியாது. குழந்தைங்க வேற இருக்காங்க. கடல்ல இறங்கலாமா?

அலை அமைதியாக இருக்கிற நாளில், இடுப்பளவு வரை, தாராளமாக. குடாவின் இரண்டு பக்கமும் பாறை காவல் மாதிரி நிற்பதால் மெரினா மாதிரி இழுக்காது. ஆனால் வடக்கு அலை வரும் நாள் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அன்றைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளே இறங்க மாட்டார்கள். கரையில் உட்கார்ந்திருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்க்கிற விதத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

பாறைப் பக்கம் வெறுங்காலோடு போகாதீர்கள், முள்ளெலி மாதிரி கறுப்பாகக் கடல் முள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நீச்சலே தெரியாதவர்களுக்குத் தீவின் தென்மேற்கே ‘நைலான் பூல்’ என்று ஒரு அதிசயம் உண்டு: பக்கூ பவளப்பாறைக்குப் பக்கத்தில், நடுக்கடலில் ஒரு மணல் திட்டு, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம்தான். படகில் கூட்டிப் போய் இறக்கிவிடுவார்கள். பவளத்தின் மேல் மட்டும் காலை வைக்காதீர்கள்.

மரத்தடியில படுத்துக்கலாம்ல?

எந்த மரம் என்று பார்த்துவிட்டு! டொபேகோவின் கடற்கரைகளில் மான்சினீல் என்று ஒரு மரம் உண்டு. பளபளப்பான இலை, சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைக் காய். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே போதும், காயைக் கடித்தால் ஆஸ்பத்திரிதான். சில இடங்களில் அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள், எல்லா இடத்திலும் கிடையாது. குழந்தைகளிடம், கீழே கிடக்கும் எந்தக் காயையும் எடுக்காதே என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தென்னை மரத்தடி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் மணல் ஈ கடிக்கும், கொசுவும் உண்டு. டெங்கு உள்ள நாடுதான், மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பான ஊரா? நியூஸ்ல ஏதேதோ வருதே.

நாடு முழுவதுக்கும் பார்த்தால் குற்றம் பெரிய பிரச்சினைதான். 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. கும்பல் சண்டை பெரும்பாலும் ட்ரினிடாடின் சில பகுதிகளில். டொபேகோவும் முழுக்கத் தப்பிக்கவில்லை. ஆனால் காஸ்டாரா போன்ற ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், நீங்கள் யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்பது நீங்கள் பையை இறக்கி வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இருட்டிய பின் ஆளில்லாத கரைக்குத் தனியாகப் போகாமல், நகையை ஊரிலேயே விட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன் அந்த வாரச் செய்தியையும் பார்த்துவிட்டுப் போனால் சரி.

ஒரு மரியாதை விஷயம். கடையில் நுழைந்ததும் “தண்ணி பாட்டில் இருக்கா” என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். முதலில் “குட் மார்னிங்”, அப்புறம்தான் மற்றது. இருட்டிவிட்டால் “குட் நைட்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். விடைபெறுகிறார் என்று நினைத்து நான் முதல் வாரம் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

டிரெஸ் விஷயத்துல கட்டுப்பாடு ஏதாவது?

மிலிட்டரி டிசைன் துணி, அதாவது பச்சை-பழுப்புத் திட்டுத்திட்டாகப் போட்ட டீஷர்ட், தொப்பி, பை எதுவும் கூடாது. பொதுமக்கள் அணிவது அங்கே சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் போட்டு அனுப்பாதீர்கள். கடற்கரை உடுப்போடு கடைத்தெருவில் நடப்பதையும் ஊர்க்காரர்கள் ரசிப்பதில்லை.

அங்கே தமிழ் ஆளுங்க இருக்காங்களா?

ட்ரினிடாடில், ஒரு விதத்தில். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து 1,40,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி மக்கள், ஒரு சிறு பங்கு மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள். மொழி போய்விட்டது, மூன்சாமி, வீராசாமி மாதிரிக் குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. டொபேகோவுக்கு அந்தக் கப்பல்கள் போகவில்லை, அங்கே பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி. காஸ்டாராவில் என்னைப் பார்த்ததும் “ட்ரினிடாடா?” என்றுதான் கேட்பார்கள். இந்தியா என்றால், “நிஜ இந்தியாவா?” என்று இன்னொரு தரம்.

அங்கிருந்தே லேப்டாப்ல வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம். சென்னை ஆபீஸின் காலை ஒன்பது மணி அங்கே முந்தின நாள் இரவு பதினொன்றரை. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெட் பெரும்பாலும் வரும், மழை இரவில் கரண்ட்டோடு சேர்ந்து போகும். சார்ஜர் பின் அமெரிக்க வகை, மின்சாரம் 115 வோல்ட். இங்கிருந்து கொண்டுபோகிற மிக்ஸி அங்கே ஓடாது.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

முழங்கால் எப்படி என்பதைப் பொறுத்தது. நல்ல காட்சி தெரிகிற வீடுகள் எல்லாம் மேட்டில், எண்பது தொண்ணூறு படி ஏறித்தான் போக வேண்டியிருக்கும். பதிவு செய்யும்போது “கடற்கரையிலிருந்து எத்தனை படி?” என்று நேரடியாகக் கேளுங்கள், “கொஞ்சம்தான்” என்று பதில் வந்தால் இன்னொரு தரம் கேளுங்கள். படி ஏற முடிகிறவர்களுக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

விடிகாலையில ஏதோ பயங்கரமா கத்துதாமே, அது என்ன?

கொக்ரிகோ. கோழி அளவு, பழுப்பு நிறம், டொபேகோவின் தேசியப் பறவை. தன் பெயரையே கத்தும். ஒன்று கத்தினால் எதிர்மலையில் இருக்கிற எல்லாம் பதில் சொல்லும், ஐந்தரை மணிக்குத் தொடங்கி அரைமணி நேரம். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், வேலைக்காகவில்லை. எழுந்து காபி போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிடுங்கள், படகுகள் கிளம்புகிற நேரமும் அதுதான்.